இணையத்தில் வசைக்கு ஆளாகும் பதின்பருவப் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

இணையத்தில் தனக்கு நேரும் அவமானத்தைப் பதின்பருவப் பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு அச்சங்கள் காரணமாக இருக்கின்றன. சொன்னால் கைப்பேசியைப் பறித்துவிடுவார்கள் என்பது ஒன்று. பெரியவர்கள் தலையிட்டால் விஷயம் பெரிதாகி, நாளை வகுப்பறைக்குள் தலைகாட்ட முடியாமல் போய்விடும் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான அச்சங்கள். ஒரு கமெண்டை நீக்குவது, ஒரு கணக்கை பிளாக் செய்வது, நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவது ஆகியவற்றையெல்லாம் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளலாம். பிள்ளை தானாக வந்து வாய் திறப்பதுதான் அரிது. அது நடக்கவில்லையென்றால் மற்ற எதையும் செய்ய வழியில்லை. இத்தகைய நிலையை முதன்முறையாகச் சந்திக்கும் பெற்றோர், மூத்த உடன்பிறப்புகள், ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு, செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

எதைத் துன்புறுத்தல் என்கிறோம்?

பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை 1970களிலிருந்து ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும், அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், செய்பவருக்கும் அனுபவிப்பவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். நண்பர்கள் இருவர் ஒருநாள் கோபத்தில் வார்த்தைகளை வீசிக்கொள்வது சண்டை. அதில் நாம் அவசரப்பட்டு நுழையத் தேவையில்லை. ஆனால் இந்த மூன்று அடையாளங்களையும் இணையத்துக்கு அப்படியே பொருத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒருவர் ஒரே ஒருமுறை போட்ட கேலிப் படத்தை நூறு பேர் பகிர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அது நூறு முறை நடந்ததாகிவிடுகிறது. வகுப்பிலேயே மெலிந்தவனாக இருக்கும் ஒருவன் பெயரில்லாப் போலிக் கணக்கு ஒன்றின் பின்னால் நின்றால், வலிமை அவன் பக்கம் போய்விடுகிறது. பள்ளி மணி அடித்ததும் நின்றுவிடும் கேலிக்கும் இரவு 11 மணிக்குப் படுக்கையறைக்குள் வந்து ஒலிக்கும் கேலிக்கும் உள்ள வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

வசைச்சொல் எதுவுமே இல்லாமலும் இது நடக்கும் என்பதைப் பெரியவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ஒரு பிள்ளையை மட்டும் விலக்கிவிட்டு மற்ற அனைவரும் புதிய குரூப் தொடங்குவது, தனிப்பட்ட உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவது, அவள் பெயரில் கணக்கு தொடங்கி அசிங்கமாகப் பதிவிடுவது, ‘யார் அழகில்லாதவர்’ என்று வாக்கெடுப்பு நடத்துவது ஆகியவை எல்லாம் இதில் சேரும். விலக்கப்படுவதால் வரும் வலியை அற்பமாக எண்ண வேண்டாம். 2003இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும், கணினியில் பந்து எறியும் எளிய விளையாட்டு ஒன்றிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். உடல்வலி உண்டாகும்போது இயங்கும் பகுதி ஒன்று அப்போதும் இயங்கியது. முன்பின் தெரியாதவர்கள் பந்தை வீசாமல் விட்டதற்கே அப்படியென்றால், ஆறு ஆண்டுகள் உடன்படித்த தோழிகள் ஒதுக்கும்போது அவள் சாப்பிடாமல் இருப்பதில் வியப்பில்லை.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

கைப்பேசி ஒலிக்கும்போது முகம் வாடுவது, யாராவது அருகில் வந்தால் திரையை மறைப்பது, விருப்பமாகப் பயன்படுத்திய செயலியைத் திடீரென நீக்கிவிடுவது, பள்ளிக்குப் போகும் காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது, தூக்கம் குறைவது, நண்பர்களின் பெயர்கள் பேச்சிலிருந்து மறைவது போன்றவை அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டதுமே முடிவுக்கு வர வேண்டாம். வழக்கத்திலிருந்து விலகல் தெரிகிறதா, அது நீடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் உரையாடல்

மற்ற எந்தப் படியையும்விட இதற்கு அதிகப் பொறுமை வேண்டும். ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்று நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்பதே பதிலாக வரும். ஒன்றாக நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போதோ, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் பேச்சைத் தொடங்குவது பிள்ளைக்கு எளிதாக இருக்கும். ‘கொஞ்ச நாளாக போனைப் பார்த்தாலே நீ சோர்ந்துபோகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன நடந்திருந்தாலும் உன் போனை நான் வாங்கிவைக்க மாட்டேன். உன்னைக் கேட்காமல் யாரிடமும் பேசவும் மாட்டேன்’ என்ற வகையில், இரண்டு அச்சங்களுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்த வாக்கை மீற வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் அப்போதே சொல்லுங்கள். பின்னர் அப்படி ஒரு நிலை வந்தாலும், ஏமாற்றப்பட்டதாகப் பிள்ளை உணராது.

பிள்ளை பேசத் தொடங்கியதும் குறுக்கே புகாமல் கேட்பதுதான் உங்கள் வேலை. ‘நீ எதற்கு அந்தப் படத்தைப் போட்டாய்?’, ‘இதற்கெல்லாம் அழுவார்களா?’, ‘கண்டுகொள்ளாமல் விடு’ ஆகிய மூன்று வாக்கியங்களில் எது வந்தாலும் கதவு மூடிக்கொள்ளும். முதலாவது பழியைப் பிள்ளைமேல் போடுகிறது, இரண்டாவது வலியை மறுக்கிறது, மூன்றாவது அந்தப் பிள்ளை ஏற்கெனவே பல நாள் முயன்று தோற்ற வழியையே அறிவுரையாகத் திருப்பித் தருகிறது. உங்களுக்குக் கோபம் வருவது இயல்பு. அதை அந்த இடத்தில் காட்டினால், தன்னால் வீட்டில் அமைதி கெட்டது என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். ‘நீ சொன்னது நல்லதாயிற்று. இது உன் தவறில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்தே முடிவெடுப்போம்’ என்பது அன்றைக்குப் போதுமானது. கமெண்டுகளைக் காட்டச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அம்மாவின் முன்னால் அவற்றை மீண்டும் ஒருமுறை வாசிப்பதே சிலருக்கு இன்னொரு அவமானமாக இருக்கும்.

நீக்குவதற்கு முன் சேமியுங்கள்

அருவருப்பான ஒன்றைக் கண்டதும் அழித்துவிடத்தான் கை போகும். ஆனால் அழித்தபிறகு பள்ளியிலோ காவல்துறையிலோ காட்டுவதற்குக் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே பிளாக் செய்வதற்கும் ரிப்போர்ட் செய்வதற்கும் முன்பாகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அதில் எழுதியவரின் கணக்குப் பெயர், நாள், நேரம் ஆகியவை தெரிய வேண்டும். கணக்கின் இணைய முகவரியையும் (லிங்க்) தனியே நகலெடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் காட்சிப் பெயரை எவரும் நொடியில் மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்யும்போது, அவரை பிளாக் செய்து உரையாடலையும் நீக்கிவிடும் தேர்வு உடன் வருகிறது. அவசரத்தில் அதை அழுத்தியவர்கள் ஆதாரத்தை இழந்திருக்கிறார்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிரில் இருப்பவருக்கு அறிவிப்பு போகும் என்பதால், வேறொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டியதில்லை. பிள்ளையின் சம்மதத்துடன் நீங்களோ, அவர் நம்பும் மூத்தவர் ஒருவரோ இதைச் செய்து, நாள்வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆதாரம் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி கிடைத்தால், அந்தக் கமெண்டுகளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் பழக்கமும் பலருக்குக் குறைகிறது.

இதற்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஒருவரின் நிர்வாணப் படமோ பாலியல் படமோ பரவுகிறதென்றால், ஆதாரம் என்று கருதிக்கூட அதை நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளின் சட்டத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். எந்தக் கணக்கில், எந்த முகவரியில், எப்போது வந்தது என்பதை மட்டும் எழுதிவையுங்கள்.

பதில் எழுதலாமா?

வசைபாடுபவர் எதிர்பார்ப்பது எதிர்வினையைத்தான் என்பதால், கமெண்டுக்குக் கமெண்ட் எழுதுவது அவருக்குக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுக்கும். தெரிந்தவர் எல்லை மீறியிருந்தால், ‘இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்து’ என்று ஒரே ஒருமுறை தனிச்செய்தியில் சொல்லிப் பார்க்கலாம். அதற்குமேல் விவாதத்துக்குப் போக வேண்டாம். பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து அங்கே போய்த் திட்டி எழுதுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதில் அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு மீமாக மாறி, பிள்ளையின் சுமையை இரட்டிப்பாக்கிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செயலிகளில் இருக்கும் கருவிகள்

பிளாக் செய்வது எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆனால் தினமும் வகுப்பில் பார்க்க வேண்டிய ஒருவரை பிளாக் செய்தால், ‘பயந்துவிட்டாள்’ என்று அதையே புதிய கேலியாக்குவார்கள் என்பது பிள்ளைகளின் கவலை. இதை உத்தேசித்துத்தான் இன்ஸ்டாகிராம் 2019இல் ரெஸ்ட்ரிக்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒருவரை அப்படிக் கட்டுப்படுத்தினால், நம் பதிவில் அவர் இனி எழுதும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நாம் அனுமதித்தால் ஒழிய மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் அனுப்பும் செய்திகள் வேண்டுகோள் பகுதிக்குப் போய்விடும், நாம் படித்தோமா என்பதை அவரால் அறிய முடியாது. தான் தடுக்கப்பட்டிருப்பதாக அவருக்கு அறிவிப்பு எதுவும் போவதில்லை. பள்ளித் தோழர்களால் வரும் தொல்லைக்கு முதலில் இதையும், முன்பின் தெரியாதவர்களால் வரும் தொல்லைக்கு நேராக பிளாக்கையும் பயன்படுத்துவது சரியாக இருக்கும் என்பது என் கருத்து.

அடுத்து, சொல் வடிகட்டி. இன்ஸ்டாகிராமிலும் யூடியூப்பிலும், எந்தெந்தச் சொற்கள் வந்தால் கமெண்டை மறைக்க வேண்டும் அல்லது நிறுத்திவைக்க வேண்டும் என்று நாமே பட்டியல் கொடுக்கலாம். தானியங்கி வடிகட்டிகள் ஆங்கில வசைகளை ஓரளவு பிடித்துவிடுகின்றன; தமிழ் வசைகளை, அதிலும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டவற்றை, எளிதில் தவறவிடுகின்றன. எனவே பிள்ளையைத் தாக்கப் பயன்படும் பட்டப்பெயரையும் வசைச்சொற்களையும் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இதற்குக் கால்மணி நேரம் ஆகலாம், ஆனால் பலன் உடனே தெரியும்.

வாட்ஸ்அப்பில் ‘என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம்’ என்ற அமைப்பைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவைத்தால், அறியாதவர்கள் கேலி குரூப்களில் இழுத்துவிடுவது நிற்கும். குரூப்பிலிருந்து விலகும்போது இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ‘வெளியேறினால் எல்லாரும் பார்ப்பார்கள்’ என்ற தயக்கத்திலேயே சிலர் உள்ளே இருந்து வசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதாரத்தைச் சேமித்த பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள். காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘பிடிக்கவில்லை’ போன்ற பொதுவான தேர்வை விட்டுவிட்டு, துன்புறுத்தல், ஆள்மாறாட்டம், மிரட்டல், அந்தரங்கப் படம் என்று எது உண்மையோ அதையே குறிப்பிடுங்கள். முதல் பதில் ‘விதிமீறல் இல்லை’ என்று வந்தாலும் மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்பு இருந்தால் கேளுங்கள். நிறுவனத்தின் பதில் எதுவாக இருந்தாலும், நடந்தது துன்புறுத்தலே என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலைத் தன் வலிக்கான தீர்ப்பாக அவர்கள் எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

பள்ளியிடம் எடுத்துச்செல்லுதல்

செய்பவர் அதே பள்ளியைச் சேர்ந்தவர் என்றால், அவருடைய பெற்றோரை நேரடியாகத் தொலைபேசியில் அழைப்பதைவிடப் பள்ளியின் வழியாகப் போவது பாதுகாப்பானது. அந்த அழைப்பு பெரும்பாலும் இரு குடும்பங்களின் சண்டையாக முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு வாய்மொழியாகச் சொல்வதுடன் நில்லாமல் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தெந்த நாளில் நடந்தது, அதனால் பிள்ளையின் வருகையும் படிப்பும் எப்படிப் பாதிக்கப்பட்டன, நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பவற்றை எழுதி, ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள். இதைக் கவனிக்கப்போகும் ஆசிரியர் யார், எந்த நாளுக்குள் பதில் தருவார் என்று கேட்டு அறிந்துகொண்டே திரும்புங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லும் யோசனை வந்தால் மறுத்துவிடலாம். அது சமமான இருவரின் சண்டைக்குப் பொருந்தும் வழி. துன்புறுத்தப்பட்டவருக்கு அது இன்னொரு தண்டனையாகிவிடும். கடிதத்தை அனுப்புவதற்கு முன் பிள்ளை அதைப் படித்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மிரட்டலும் அந்தரங்கப் படங்களும்

கொலைமிரட்டல், முகவரியையோ தொலைபேசி எண்ணையோ பரப்புதல், பின்தொடர்தல், பணம் கேட்டு மிரட்டுதல், பாலியல் படங்கள் ஆகியவை வந்துவிட்டால் குடும்பத்துக்குள்ளும் பள்ளிக்குள்ளும் வைத்துத் தீர்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. காவல்துறைக்கோ, உங்கள் நாட்டின் இணையக் குற்றப் பிரிவுக்கோ செல்ல வேண்டும். ‘பணம் தராவிட்டால் படத்தை உன் நண்பர்களுக்கு அனுப்புவேன்’ என்று மிரட்டுபவருக்குப் பணமும் கொடுக்கக் கூடாது, இன்னொரு படமும் அனுப்பக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பதுதான் இவர்களின் வழக்கம். உரையாடலை அழிக்காமல் பேச்சை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

18 வயதுக்குட்பட்டிருந்தபோது எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உதவுகிறது. காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் இதை நடத்துகிறது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களும் பெயர் தராமல் இதைப் பயன்படுத்தலாம். படம் நம் கருவியை விட்டு எங்கும் போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் எண்தொடர் மட்டும் உருவாக்கப்பட்டு, இத்திட்டத்தில் இணைந்துள்ள நிறுவனங்களுக்குத் தரப்படுகிறது. அந்த எண்தொடருக்குப் பொருந்தும் படம் தங்கள் தளத்தில் வந்தால் அவர்களால் அதைக் கண்டறிந்து நீக்க முடிகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட தனிச்செய்திகளுக்குள் இது எட்டாது. படத்தை முதலில் அனுப்பியது பிள்ளையே என்றாலும், அந்த நேரத்தில் அதைக் கண்டிக்காதீர்கள். நம்பி அனுப்பியதைப் பரப்பியவர்தான் குற்றவாளி.

மனம் உடைந்துபோகும்போது

தூக்கமின்மை, உணவின் மேல் வெறுப்பு, பள்ளிக்குப் போக மறுப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். ‘நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்’ என்ற பொருளில் ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொல்ல வழி பிறக்கும். ‘ஆம்’ என்ற பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், தீங்கு செய்துகொள்ளக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவ உதவி பெறுங்கள். பல நாடுகளில் சிறுவர்களுக்கென்றே உதவி எண்கள் இருக்கின்றன. உங்கள் நாட்டின் எண்ணைப் பிரச்சினை எதுவும் இல்லாத காலத்திலேயே பிள்ளையின் கைப்பேசியில் சேமித்துக் கொடுங்கள்.

அதே நேரம், எல்லா உரையாடல்களும் இந்தத் துன்பத்தைச் சுற்றியே அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு, இசை, ஓவியம், இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது என்று, தன் மதிப்பை வேறோர் இடத்தில் உணரும் வாய்ப்பு பிள்ளைக்கு வேண்டும். பொதுவில் எதுவும் சொல்லத் துணியாத ஒரு நண்பன், தனியே ‘அவர்கள் செய்தது தவறு’ என்று அனுப்பும் ஒரு வரி பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளை வேடிக்கை பார்ப்பவர் இடத்தில் இருக்கும் நாளில், அந்த ஒரு வரியை அனுப்பும்படி சொல்லுங்கள்.

எழுதியது நம் பிள்ளையாகவே இருந்தால்

பள்ளியிலிருந்து வரும் அழைப்பு ஒருநாள் இப்படியும் இருக்கலாம். ‘என் பிள்ளை அப்படிச் செய்யாது’ என்று தொடங்காமல், காட்டப்படுவதை முழுவதும் படியுங்கள். முகம் பார்க்காமல், பெயர் தெரியாமல், பதிலை உடனே எதிர்கொள்ளாமல் எழுதும்போது மனிதர்களின் தடைகள் தளர்ந்துவிடுவதை உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே விளக்கியிருக்கிறார். இது காரணம்தான், மன்னிப்பு ஆகிவிடாது. பதிவை நீக்கச் செய்து, பகிர்ந்தவர்களிடமும் நீக்கும்படி பிள்ளையையே கேட்கவைத்து, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, அவனை இதைச் செய்யவைத்தது எது என்று நிதானமாகக் கேளுங்கள். வேறோரிடத்தில் துன்புறுத்தப்படும் பிள்ளையே இங்கே துன்புறுத்துபவராக இருப்பதும் உண்டு.

மீண்டும் பதிவிடத் தொடங்கும்போது

புயல் அடங்கிவிட்டதாகத் தோன்றினாலும், ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள்; தொல்லை ஒரு செயலியில் நின்று இன்னொன்றில் தொடங்கியிருக்கலாம். பிள்ளை மீண்டும் படமோ பாடலோ பதிவிட விரும்பினால் தடுக்காதீர்கள். கணக்கைத் தனிப்பட்டதாக வைப்பதா, கமெண்ட் எழுதும் உரிமையை யாருக்குக் கொடுப்பது, யாரையெல்லாம் தொடர்பவர் பட்டியலிலிருந்து நீக்குவது என்பவற்றை அவரே தீர்மானிக்கட்டும். கேட்டால் மட்டும் நீங்கள் சொல்லுங்கள். முதல் சில பதிவுகளுக்கு, வரும் கமெண்டுகளை அவருக்கு முன்பாக நம்பிக்கையான ஒருவர் பார்த்து வடிகட்டித் தரலாம். அந்த ஒருவர் யார் என்பதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அது நீங்களாக இல்லாமல் அத்தையாகவோ அக்காவாகவோ இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.